ஏவியேஷன் இங்கிலீஷ் கோர்ஸ்: பணம் கட்டிச் சேர்க்கலாமா, வேண்டாமா?

குவாத்ர்போர்ன் குமார்
எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகன் எச்எஸ்சி முடித்துவிட்டான். அடுத்த வருடம் பைலட் பயிற்சிக்குத் தென்னாப்பிரிக்கா போவதாக ஏற்பாடு. இதற்கிடையில் இங்கே மொரீசியஸில் ஒரு பயிற்சி மையம் ‘குறுகிய காலத்தில் ஐகாவோ லெவல் 6 உறுதி’ என்று விளம்பரம் போட்டிருக்கிறது. (ஐகாவோ என்பது ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பு. அதன் இங்கிலீஷ் சோதனையில் 6 தான் உச்ச லெவல்.) கட்டணத்தைக் கேட்டதும் அக்கா முகமே மாறிவிட்டது. பையன் இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்கியவன். கட்டுரை கொடுத்தால் பிரமாதமாக எழுதுவான். ஆனால் நேற்று சும்மா இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். முதல் பதில் பிரெஞ்சில், அடுத்தது நம் தீவுப் பேச்சான கிரியோலில், மூன்றாவதற்குத் தோளைக் குலுக்கினான். இந்தக் கோர்ஸ் தேவையா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில் டீச்சர்
குமார், உங்கள் மருமகன் மட்டும் அப்படி இல்லை. இந்தத் தீவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். பாடப்புத்தகம் இங்கிலீஷ், டீச்சர் விளக்குவது கிரியோல், வீட்டுக்கு வரும் பேப்பர் பிரெஞ்சு, கோயிலில் கொஞ்சம் தமிழ். பரீட்சைத் தாளில் மூன்று மணி நேரம் இங்கிலீஷில் எழுதும் பிள்ளை, வாயைத் திறந்து தொடர்ந்து மூன்று நிமிடம் பேசியிருக்காது. வகுப்பில் யாராவது பேச ஆரம்பித்தால் ‘பெரிய துரை வந்துட்டார்’ என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். என் வகுப்பிலேயே நடக்கும்.

அதனால் மார்க்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மெட்ரோவில் குவாத்ர்போர்னிலிருந்து போர்ட் லூயி போகும் வரை அவனோடு இங்கிலீஷில் மட்டும் பேசிப் பாருங்கள். எங்கே திணறுகிறான் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஜெட்_பிரியன்
இதற்கெல்லாம் கோர்ஸா? ரேடியோவில் பேசுவது மொத்தமே இருநூறு முந்நூறு வார்த்தை. ரோஜர், வில்கோ, ஸ்டாண்ட்பை, ஹோல்ட் ஷார்ட். யூட்யூபில் எல்லாம் கிடைக்கிறது. மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள், போதும். மீதிப் பணத்தில் ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள்.

டர்பன் ரேவதி
நான் டர்பனில் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர். குமார் அண்ணா, இரண்டு விஷயம் இங்கே ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கிறது, முதலில் பிரித்துவிடுகிறேன்.

ஒன்று ரேடியோ பேசும் முறை, அதாவது ஃப்ரேஸாலஜி. ஜெட்_பிரியன் சொல்வது இதைத்தான். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்று தனியாக ஒரு ரேடியோ சான்றிதழ் வாங்க வேண்டும். கன்ட்ரோல் டவர் இல்லாத சின்ன ஏரோட்ரோம்கள் இங்கே நிறைய. அங்கெல்லாம் பெரும்பாலும் 124.8 என்ற அலைவரிசையில் ‘நான் இங்கே இருக்கிறேன், இதைச் செய்யப் போகிறேன்’ என்று நாமே சொல்லிக்கொண்டு பறக்க வேண்டும். இதையெல்லாம் ஃப்ளையிங் ஸ்கூலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவோம். அதற்காக மொரீசியஸில் காசு கட்டத் தேவையில்லை.

இன்னொன்று மொழித் திறன் சோதனை. ஐகாவோ இதை 2003-இல் கொண்டுவந்து 2008 மார்ச்சில் அமலாக்கியது. பல நாடுகள் தயாராக இல்லாததால் 2011 வரை அவகாசம் கொடுத்தார்கள். ஆறு லெவல். சர்வதேச வானில் பறக்க லெவல் 4 வேண்டும். பார்ப்பது ஆறு அம்சம்: உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டுப் புரிதல், எதிராளியோடு பேச்சைக் கொண்டுபோகும் விதம். இதில் சராசரி கிடையாது. ஐந்தில் 5 வாங்கி ஒன்றில் 3 வந்தால் மொத்தமும் 3 தான். அந்த 3-ஐ வைத்துக்கொண்டு சர்வதேச விமானத்தில் உட்கார முடியாது.

லெவல் 4 வாங்கினவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், 5 வாங்கினவர் ஆறு வருடத்துக்கு ஒருமுறையும் திரும்ப எழுத வேண்டும் என்பது ஐகாவோவின் பரிந்துரை. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். லெவல் 6-க்குத் திரும்பச் சோதனை இல்லை. விளம்பரக்காரர்கள் அந்த ஆசையைத்தான் தூண்டுகிறார்கள். ஒரு மாணவனை நேரில் பார்க்காமலேயே லெவல் 6 உறுதி என்று சொல்பவரிடம் நான் சைக்கிள் கூட வாங்க மாட்டேன்.

ஓய்வு டவர்
ரேவதி சொன்னது சரி. ஜெட்_பிரியன் தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை. நான் பல வருடம் டவரில் விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன்.

ஃப்ரேஸாலஜியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1989 பிப்ரவரியில் கோலாலம்பூர் சுபாங்கில் இறங்க வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல வேண்டும். கன்ட்ரோலர் ‘டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றார். அவர் சொன்ன ‘டூ’ எண் இரண்டு. விமானிகள் காதில் அது ‘வரைக்கும்’ என்று விழுந்தது. 400 அடிக்கு இறங்கினார்கள். வழியில் குன்று. நான்கு பேர் போய்விட்டார்கள். ‘டூ தவுஸண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று முறைப்படி சொல்லியிருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை. விமானிகள் திருப்பிச் சொன்னதிலாவது யாராவது பிடித்திருக்கலாம். அதுவும் நடக்கவில்லை.

டெனெரிஃப் விபத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1977 மார்ச் 27. அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து ஓடிய ஒரு 747, அதே ரன்வேயில் இருந்த இன்னொரு 747 மேல் மோதியது, 583 பேர் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை உண்மையான அனுமதிக்கும், அதை ரத்து செய்வதற்கும் மட்டும் என்று ஒதுக்கி வைத்தார்கள். மற்ற எல்லா இடத்திலும் ‘டிப்பார்ச்சர்’.

ஆனால் தம்பி, இருநூறு வார்த்தை தீர்ந்துபோகும் நாள் ஒன்று வரும். ரன்வேயில் நாய் நிற்கிறது. கேபினில் ஒரு பயணி கதவுப் பிடியைப் பிடித்து இழுக்கிறார். இடதுபக்க இறக்கையிலிருந்து ஏதோ ஒழுகுகிறது, எரிபொருளா ஹைட்ராலிக் எண்ணெயா தெரியவில்லை. இதற்கெல்லாம் மனப்பாட வாக்கியம் கிடையாது. அந்த நிமிடத்தில் சொந்தமாக, சுருக்கமாக, தப்பர்த்தம் வராமல் பேசத் தெரிகிறதா என்றுதான் சோதனையில் பார்க்கிறார்கள். அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

குவாத்ர்போர்ன் குமார்
ஐயா, ரொம்ப நன்றி. அப்படியென்றால் அவனுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுக்க வேண்டுமா? அவன் இங்கிலீஷ் பேசினால் பிரெஞ்சுக்காரன் பேசுவது போல இருக்கும். ‘த’ வர வேண்டிய இடமெல்லாம் ‘ஸ’.

டர்பன் ரேவதி
இருக்கட்டுமே அண்ணா! பிபிசி குரல் யாரும் கேட்கவில்லை. உச்சரிப்பில் தாய்மொழிச் சாயல் லெவல் 6-இலும் இருக்கலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. கேட்பவருக்குப் புரிவதில் தடங்கல் வருகிறதா என்பதுதான் கணக்கு. அந்த ‘த’ உலகத்தில் பாதிப் பேருக்கு வராது என்று தெரிந்துதான் ரேடியோவில் மூன்றை ‘ட்ரீ’ என்றும் ஆயிரத்தை ‘டவுஸண்ட்’ என்றும் சொல்ல விதியே போட்டார்கள். ஒன்பதை ‘நைனர்’ என்பதும் அப்படித்தான், ஐந்தோடு குழம்பாமல் இருக்க.

என்னிடம் வரும் மாணவர்களில் சாயல் உள்ளவர்களைவிட வேகமாகப் பேசுபவர்களோடுதான் எனக்கு மல்லுக்கட்டு. ரேடியோவில் நிமிடத்துக்கு 100 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்பது ஐகாவோ விதி. வீட்டிலேயே இங்கிலீஷ் பேசி வளர்ந்த பிள்ளைகள்தான் இதை முதலில் மீறுவார்கள். நம் டர்பன் பிள்ளைகள் உட்பட. அவர்கள் கொட்டும் வேகத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் பிள்ளை பாதியைத் தவற விட்டுவிட்டு ‘ரோஜர்’, அதாவது ‘கேட்டாயிற்று’, என்று சொல்லிவிடும். தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

சேந்தனி வேலன்
ரியூனியனிலிருந்து ஒரு குறுக்குச்சால். இங்கே ரோலான் காரோஸ் விமான நிலையத்தில் பிரெஞ்சிலேயே டவரோடு பேசலாமே, பிறகு எதற்கு இந்த இங்கிலீஷ் மோகம்? உங்கள் தீவுக்கும் எங்கள் தீவுக்கும் நடுவே முக்கால் மணி நேரப் பறப்புதான். பையன் ஏடிஆர் விமானத்தில் இங்கும் அங்கும் ஓட்டினால் பிரெஞ்சு போதாதா?

ஓய்வு டவர்
வேலன், தரைநிலையம் தன் நாட்டு மொழியில் பேசலாம், ஆனால் சர்வதேச விமானம் கேட்டால் இங்கிலீஷிலும் பேசத் தயாராக இருக்க வேண்டும். ஐகாவோ விதி அதுதான். உங்கள் ஊரில் பிரெஞ்சு பேசுவதில் சட்டப்படி தவறில்லை. 1976-இல் கனடாவில், கியூபெக் வான் ரேடியோவில் பிரெஞ்சு வேண்டும் வேண்டாம் என்று பெரிய வேலைநிறுத்தமே நடந்தது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பக்கத்தில் ஒட்டுக்கேட்பவருக்கு. விமானி தனக்குச் சொன்னதை மட்டும் கேட்பதில்லை. மற்றவருக்குச் சொல்வதையும் காதில் வாங்கித்தான் தன்னைச் சுற்றி யார் எங்கே என்று மனதில் படம் போடுகிறார். 2000 மே 25 அன்று பாரிஸ் சார்ல் து கோலில் ஒரு பிரெஞ்சு எம்டி-83 விமானத்துக்குப் பிரெஞ்சில் டேக் ஆஃப் அனுமதி. அதே ரன்வேக்குள் நுழைய இருந்த சின்ன ஷார்ட்ஸ் சரக்கு விமானத்தின் பிரிட்டிஷ் விமானிகளோடு இங்கிலீஷில் பேச்சு. முதல் அனுமதி இவர்களுக்குப் புரிந்திருந்தால் உள்ளே போயிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எம்டி-83-இன் இறக்கை இவர்கள் காக்பிட்டைச் சீவிக்கொண்டு போனது. துணை விமானி இறந்தார். ஒரே அலைவரிசையில் இரண்டு மொழி ஓடியதும் காரணங்களில் ஒன்று என்று பிரெஞ்சு விசாரணை அமைப்பே எழுதியது.

சேந்தனி வேலன்
சரிங்க ஐயா. ஆனாலும் பிரெஞ்சுக்காரன் இன்னொரு பிரெஞ்சுக்காரனோடு இங்கிலீஷ் பேசுவது நடக்கிற காரியமா என்ன? என் காலத்தில் நான் அதைப் பார்க்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

ஹாங்கர் மணி
எல்லோரும் பைலட், டவர் என்றே போகிறீர்களே, எங்களை யார் நினைக்கிறார்கள்? நான் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் மெக்கானிக். எங்களுக்கு லெவல் 4-உம் கிடையாது, 6-உம் கிடையாது. அந்தச் சட்டம் ரேடியோவில் பேசுபவர்களுக்குத்தான். கேபின் க்ரூவுக்கும் கிடையாது.

ஆனால் எங்கள் வேலையே கையேட்டில்தான் ஓடுகிறது. தூலூஸில் செய்த விமானம், கையேடு இங்கிலீஷில், ஃபோர்மேன் பிரெஞ்சில் கேட்பார், நாங்கள் கிரியோலில் பதில் சொல்வோம், ஒர்க் கார்டில் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். இதில் ஒரு இடத்தில் பிசகினாலும் போல்ட் கழன்றுவிடும்.

அதற்காகவே எழுத்துக்கென்று ஒரு கட்டுப்படுத்திய இங்கிலீஷ் உண்டு, எஸ்டிஇ (சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷ்) என்பார்கள். சுமார் 900 சொற்கள், ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம். வேலை சொல்லும் வாக்கியம் 20 வார்த்தையைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐ. ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டும்தான். விதியைக் கடைப்பிடி என்று சொல்ல ‘ஒபே’ போட வேண்டும். ‘அபௌட்’ என்றால் ‘பற்றி’ மட்டும். ‘சுமார்’ என்பதற்கு ‘அப்ராக்ஸிமேட்லி’. ‘டெஸ்ட்’ பெயர்ச்சொல் மட்டும், ‘டெஸ்ட் தி வால்வ்’ என்று எழுத முடியாது, ‘டூ எ டெஸ்ட்’ என்றுதான். முதலில் பார்க்கும்போது குழந்தைப் பாடம் போலிருக்கும். இரவு ஷிப்டில், டார்ச் வெளிச்சத்தில், மழையில் நனைந்துகொண்டு படிக்கும்போது அந்தக் குட்டி வாக்கியத்தை எழுதியவனைக் கும்பிடத் தோன்றும்.

குமார், உங்கள் பையனுக்கும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நீள நீளமாக அலங்காரமாக எழுதப் பழக்கிவிட்டார்கள். ஏவியேஷனில் அதையெல்லாம் மறக்க வேண்டும். டீச்சர் கோபிக்கக் கூடாது.

ரோஸ்ஹில் டீச்சர்
கோபமில்லை. கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான் :)

ஆனால் ஒரு கேள்வி. ஐயா, ரேவதி இருவருமே சொந்தமாகப் பேசத் தெரிய வேண்டும் என்கிறீர்கள். நம் கடலில் விழுந்த ‘ஹெல்டர்பெர்க்’ என்ற தென்னாப்பிரிக்க விமானத்தின் விபத்தில் இரண்டு பக்கமும் நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர்கள்தானே? எங்கள் வீட்டில் பெரியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

ஓய்வு டவர்
நல்ல கேள்வி. நான் அன்று டியூட்டியில் இல்லை, ஆனால் அந்த உரையாடலைப் படிக்காத கன்ட்ரோலர் இந்தத் தீவில் இருக்க முடியாது.

1987 நவம்பர் 28. தைபேயிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் வழியில் பிளேசான்ஸில் இறங்க வந்த தென்னாப்பிரிக்க 747. மெயின் டெக்கின் சரக்குப் பகுதியில் தீ. விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்னால் புகை என்று நம் ஆட்களைக் கூப்பிட்டார்கள். அவசர இறக்கம் கேட்டார்கள், கொடுத்தாயிற்று. ‘முழு எமர்ஜென்சி அறிவிக்கட்டுமா’ என்று நம்மவர் கேட்டார், ஆமாம் என்றார்கள். இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. மின்சாரம் நிறையப் போய்விட்டது என்றும் சொன்னார்கள். அப்புறம் தூரம் பற்றிய பேச்சு வந்தது. 65 மைல் என்றார்கள். 65 மைல்தானா என்று உறுதிப்படுத்தக் கேட்டதற்கும் ஆமாம்.

அந்த 65 மைல் பிளேசான்ஸிலிருந்து இல்லை. அவர்களுடைய அடுத்த வழிப்புள்ளிக்கு இருந்த தூரம். எண்ணை இரண்டு பக்கமும் சரியாகச் சொல்லி, சரியாகக் கேட்டு, சரியாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து 65 என்பது மட்டும் பேச்சில் வரவேயில்லை. தேடுதல் தீவுக்கு மிக அருகில் ஆரம்பித்தது. விமானம் விழுந்ததோ வடகிழக்கே வெகுதூரத்தில். 159 பேர். இடம் சரியாகத் தெரிந்திருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது, அதை நான் மறுக்கவில்லை. கடலடியில் சிதைவைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது, 4,000 மீட்டருக்கும் கீழே.

புகைக்குள் முகமூடி போட்டுக்கொண்டு பேசியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம் கன்ட்ரோலரையும் சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்கள். ஆனால் ரேவதி சொன்ன ஆறு அம்சத்தில் கடைசி ஒன்று இருக்கிறதே, பேச்சைக் கொண்டுபோகும் விதம், லெவல் 4 வரையறையில் அங்கே எழுதியிருப்பது இதுதான்: குழப்பம் வருவது போலத் தெரிந்தால் சரிபார்த்து, உறுதிப்படுத்தி, விளக்கம் கேட்டுச் சமாளிக்க வேண்டும். நம் பிள்ளைகள் விழுவது இங்கேதான். இலக்கணத்தில் இல்லை. பெரியவரைத் திருப்பிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்த்திருக்கிறோம். புரியாவிட்டாலும் தலையாட்டுவார்கள். ரேடியோவில் தலையாட்டினால் ‘ரோஜர்’ என்று கேட்கும்.

டர்பன் ரேவதி
ஐயா, இதை அச்சடித்து என் வகுப்பறையில் ஒட்டப் போகிறேன். நியூயார்க்கில் 1990-இல் அவியாங்கா 52 விழுந்ததும் இதற்குப் பக்கத்து வீடுதான். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. ‘எமர்ஜென்சி’ என்று சொல்லு என்று கேப்டன் ஸ்பானிஷில் சொல்கிறார். துணை விமானி கன்ட்ரோலரிடம் எரிபொருள் குறைகிறது என்று மட்டும், அதுவும் சாதாரணக் குரலில் சொல்கிறார். ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பு வரவேயில்லை. 73 பேர் இறந்தார்கள். வாய் திறந்து அடித்துச் சொல்லக் கூச்சம். எனக்கு அது வெறும் மொழிப் பிரச்சினையாகத் தெரியவில்லை.

ஜெட்_பிரியன்
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இன்னும் பத்து வருடத்தில் எல்லாம் டேட்டாலிங்க்தான். சிபிடிஎல்சி-யில் திரையில் எழுத்து வரும், பட்டனை அமுக்கினால் பதில் போய்விடும். நம் கடல் பகுதியில் இப்போதே அப்படித்தானே? வாயே தேவையில்லை.

ஓய்வு டவர்
நடுக்கடலில் உண்மை. ஹெச்எஃப் ரேடியோ இரைச்சலில் காது கிழியக் கத்திய காலத்தைப் பார்த்தவன் நான், சிபிடிஎல்சி எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் இறங்கும் கடைசி இருபது நிமிடம் வாய்தான். புகை வந்தால் யாரும் மெனுவில் பட்டன் தேட மாட்டார்கள்.

குவாத்ர்போர்ன் குமார்
பையனுக்கு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், அதனால் நானே படித்தேன். அவியாங்கா கதைக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். சரி, அந்த மையத்துக்குப் போவதில்லை என்று முடிவு. ஆனால் தென்னாப்பிரிக்கா போகும் வரை என்ன செய்யட்டும்? ஐஇஎல்டிஎஸ் எழுத வைக்கலாமா?

டர்பன் ரேவதி
ஐஇஎல்டிஎஸ் வேண்டாம் அண்ணா. அதை வைத்து லெவல் கொடுக்க மாட்டார்கள். அதற்கென்றே தனிச் சோதனைகள் இருக்கின்றன, டிஇஏ, எல்பாக் போல. எதை ஒத்துக்கொள்வார்கள் என்று சேரப்போகும் ஸ்கூலில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பயிற்சி கொடுப்பவரே சோதித்து லெவலும் கொடுக்கும் இடமாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. சமைத்தவரே சாப்பிட்டு ருசி சொல்வது போல.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், முன்னாள் கன்ட்ரோலரோ பைலட்டோ ஒருவரும், மொழி சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஒருவரும் சேர்ந்து நடத்தும் சின்ன வகுப்பு பாருங்கள். ஒருவர் மட்டும் இருந்தால் ஒரு பக்கம் ஓட்டையாகவே இருக்கும். வகுப்பில் முக்கால்வாசி நேரம் மாணவன் பேச வேண்டும். டீச்சர் பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ரோஸ்ஹில் டீச்சர்
நானும் ஐயாவும் இருக்கிறோமே. ஞாயிறு சாயங்காலம் எனக்கு வேலை இல்லை. காசு வேண்டாம், கத்தோ பிமான் வடை வாங்கி வைத்தால் போதும்.

ஓய்வு டவர்
நான் தயார். ஆனால் நேரில் வேண்டாம் டீச்சர், போனில், வீடியோ இல்லாமல். முகத்தைப் பார்த்தால் அவன் கையாலும் புருவத்தாலும் பேசித் தப்பித்துவிடுவான். நான் ஒரு படம் அனுப்புகிறேன், டாக்ஸிவேயில் ஏதோ கோளாறாகி நிற்கும் விமானம். அவன் அதை டீச்சருக்கு வாயால் விவரிக்க வேண்டும், டீச்சர் கேட்டதை வைத்து வரைய வேண்டும். புரியாத இடத்தில் டீச்சர் வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்வார். ‘நெகட்டிவ்’ என்று அவரை வெட்டி, திருத்திச் சொல்கிறானா என்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஹாங்கர் மணி
படத்துக்கு நான் பொறுப்பு. நோஸ் கியர் பக்கம் ஒழுகுவது, பறவை மோதி எஞ்சின் பிளேடு வளைந்தது, டயர் வெடித்தது. எதெது என்ன பெயர் என்று ஒரு பட்டியலும் தருகிறேன், ஆனால் அதை டீச்சரிடம்தான் கொடுப்பேன்.

குவாத்ர்போர்ன் குமார்
எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. டீச்சரை வெட்டிப் பேச வேண்டும் என்றதும் பையன் முழிக்கிறான். ஞாயிறு நான்கு மணி சரியா?

ஓய்வு டவர்
நான்கு மணி சரி. படத்தை முன்கூட்டி அவனிடம் காட்டிவிடாதீர்கள் குமார். உங்களைத்தான் சொல்கிறேன்.